எமது ஊர்ச் செய்தி பத்திரிகைக்குப் போகும் வழி: ஒரு பயிற்சி மாணவனின் அனுபவம்

கல்முனையில் காலை பத்து மணிக்கு ஒரு விபத்து நடந்தால், லுஹர் பாங்கு சொல்வதற்குள் அதன் வீடியோ பொத்துவில் வரை போய்விடுகிறது. அதே விபத்து மறுநாள் பத்திரிகையின் பிராந்தியப் பக்கத்தில் ஆறு வரியில் வரும்போது ஊரில் எவருக்கும் அது புதினமில்லை. அப்படியிருக்க, பத்திரிகைகளின் ஊர்ச் செய்திப் பகுதி இன்னும் எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக, கொழும்பிலுள்ள தமிழ்ப் பத்திரிகையொன்றின் பிராந்தியச் செய்திப் பிரிவுக்கு மூன்று மாதப் பயிற்சிக்காகச் சென்றபோது எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது.

பயிற்சி முடிந்து வரும்போது கேள்வி வேறாக மாறியிருந்தது. எமது ஊர்களிலிருந்து இவ்வளவு செய்திகள் போகின்றன. ஆனால் அவற்றில் எமது ஊர்களின் உண்மையான பிரச்சினைகள் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கின்றன? இதற்குப் பத்திரிகையை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. செய்தி எப்படி உருவாகிறது என்பதை நாம் அறியாமல் இருப்பதும் ஒரு காரணம். அந்த வழியை அறிந்தால், அதை நாமும் நன்றாகப் பயன்படுத்தலாம் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

பக்கம் மூடும் நேரம்

வீரகேசரி 1930 இலும், தினகரன் 1932 இலும், தினக்குரல் 1997 இலும் ஆரம்பிக்கப்பட்டன. மூன்றுமே கொழும்பை மையமாகக் கொண்டவை. கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் இப்பத்திரிகைகளுக்கு இருப்பவர்கள் பிராந்திய நிருபர்கள். இவர்களில் பலருக்கு இது முழுநேரத் தொழில் அல்ல. ஆசிரியர்களாகவும் அரச உத்தியோகத்தர்களாகவும் சிறு வியாபாரிகளாகவும் இருந்துகொண்டே செய்தி அனுப்புகிறார்கள். பிரசுரமாகும் செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில் கிடைக்கும் தொகை, பல வேளைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் பெற்றோலுக்கும் போதாது. ஆனாலும் ஆர்வத்தினாலும் ஊர்ப்பற்றினாலும் எழுதுகிறார்கள்.

அவர்கள் மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் அனுப்புவது முதலில் பிராந்தியப் பிரிவுக்கு வருகிறது. அங்குள்ள உதவி ஆசிரியர் அதை வாசித்து, சந்தேகங்களைத் தொலைபேசியில் கேட்டு, சுருக்கி, தலைப்பிட்டு, பக்க வடிவமைப்பாளரிடம் கொடுக்கிறார். யுனிகோடில் வந்ததைப் பக்க வடிவமைப்புக்கான எழுத்துருவுக்கு மாற்றும்போது சில எழுத்துகள் உடைந்துவிடும். அவற்றைத் தேடித் திருத்துவதுதான் பயிற்சி மாணவனுக்குக் கொடுக்கப்படும் முதல் வேலை. சலிப்பான வேலைதான். ஆனால் இரண்டு வாரத்தில் நாட்டின் எல்லா ஊர்களின் பெயர்களும் கைக்குப் பழகிவிடும்.

கிழக்குக்குப் போகும் பத்திரிகை இரவிரவாகப் பயணம் செய்ய வேண்டும். அதனால் வெளியூர்ப் பதிப்பு முதலில் அச்சாகிறது, நகரப் பதிப்பு பின்னர் அச்சாகிறது. பிராந்தியப் பக்கங்கள் அதற்கும் முன்பே, பெரும்பாலும் பிற்பகலிலேயே மூடப்படுகின்றன. எனவே கல்முனையில் இரவு நடக்கும் ஒரு சம்பவம், கொழும்பில் விற்கும் பிரதியில் இருந்தும் கல்முனையில் விற்கும் பிரதியில் இல்லாமல் போகலாம். "எங்கட செய்திய வேணுமென்டே போடல்ல" என்று ஊரில் கோபப்படுகிறோமே, அந்தக் கோபத்துக்குரிய பல சந்தர்ப்பங்களின் பின்னால் இந்த நேரக் கணக்குத்தான் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு முடியும் கூட்டத்தின் அறிக்கையை இரவு பதினொரு மணிக்கு அனுப்பும் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதிதிகளின் பட்டியல்

எமது கரையோரத்திலிருந்து தினமும் வரும் செய்திகளில் பெரும்பகுதி நிகழ்வுச் செய்திகள்தான். பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி, சிறப்பு அதிதி என்று பெயர்கள் நீளும். பொன்னாடை போர்த்தப்பட்டதும் நினைவுச்சின்னம் வழங்கப்பட்டதும் தவறாமல் இருக்கும். அறுநூறு சொற்களில் வரும் அறிக்கையை அறுபது சொற்களாக்க வேண்டும். அப்படிச் சுருக்கும்போதுதான் ஒரு விடயம் புரிந்தது. செய்தி பெரும்பாலும் கடைசிப் பந்தியில் ஒளிந்திருக்கிறது.

உதாரணமாக, ஒரு பாடசாலை நிகழ்வு பற்றிய அறிக்கையில் இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. கடைசி வரியில், உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர் ஒருவரை நியமித்துத் தருமாறு அதிபர் அதிதியிடம் வேண்டுகோள் விடுத்தார் என்று இருந்தது. எத்தனை மாதமாக ஆசிரியர் இல்லை, எத்தனை பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள், வலயக் கல்வி அலுவலகம் என்ன சொல்கிறது என்பது எதுவும் இல்லை. நிருபரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். அவர் விபரம் எடுத்துத் தந்தார். செய்தியின் தலைப்பு மாறியது, அதிதிகளின் பெயர்களில் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் போயின. மறுநாள் ஏற்பாட்டாளர்கள் சிலர் கோபத்துடன் அழைத்தார்கள். பெயர் வரவில்லை என்பதுதான் அவர்களின் முறைப்பாடு. ஆசிரியர் இல்லாத விடயத்தை அவர்களில் யாரும் பேசவேயில்லை.

நிருபரின் நிலைமையையும் பார்க்க வேண்டும். அவர் அதே ஊரில் வாழ்பவர். பெயர் விடுபட்டவரையும், பிரச்சினைக்குரிய அதிகாரியையும், அரசியல்வாதியின் இணைப்பாளரையும் அன்று மாலையே பள்ளிவாசலில் சந்திக்க வேண்டியவர். புகழ்ச்சிச் செய்தி அனுப்பினால் யாரும் கோபிப்பதில்லை. கேள்வி கேட்டால் எல்லோரும் கோபிக்கிறார்கள். அந்த நிருபருக்கு ஊர் துணை நிற்காதவரை பிராந்தியப் பக்கத்தில் பொன்னாடைகள்தான் நிறைந்திருக்கும்.

"இதைச் சொன்னது யார்?"

பயிற்சியில் நான் அதிகமாகக் கேட்ட வசனம் இது. எந்தச் செய்தியைக் கொண்டுபோனாலும் செய்தி ஆசிரியர் முதலில் கேட்பது: "தம்பி, இதைச் சொன்னது யார்?" ஊரே சொல்கிறது என்பது அவருக்குப் பதில் அல்ல. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியா, வைத்தியசாலை நிர்வாகமா, கிராம உத்தியோகத்தரா, நேரில் கண்டவரா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இதன் பெறுமதிக்கு 2024 நவம்பர் 26 ஆம் திகதி ஓர் உதாரணம். கடும் மழை வெள்ளத்தில், காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. எமது பிரதேசமே அழுத சம்பவம் அது. இப்படியான நேரத்தில் மீட்கப்பட்டோர், காணாமல்போனோர், உயிரிழந்தோர் என்ற மூன்று எண்ணிக்கைகளும் மணிக்கு மணி மாறும். பகிரப்படும் பதிவுகளில் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். பிள்ளை வீடு திரும்பவில்லையே என்று தவித்துக்கொண்டிருக்கும் உம்மா ஒருவருக்கு அந்தக் கலப்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு செய்திப் பிரிவு இம்மூன்றையும் தனித்தனியாக, எந்த நேரத்தில் யார் சொன்னது என்ற குறிப்புடன் எழுதக் கடமைப்பட்டது. குடும்பத்தாருக்கு அறிவிக்கப்படும்வரை பெயரை வெளியிடாமல் பொறுத்திருப்பதும் அந்த ஒழுங்கின் ஒரு பகுதி.

இதை நாம் வேறு எவரையும் விட அதிகம் அறிந்திருக்க வேண்டியவர்கள். 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவில் மலட்டுத்தன்மை மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு கதை கிளம்பியது. மிரட்டலுக்கு நடுவில் எடுக்கப்பட்ட ஒரு வீடியோவே ஆதாரமாகப் பரப்பப்பட்டது. பள்ளிவாசலும் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம், அது மாத்திரை அல்ல, மாவுக் கட்டி என்று அறிக்கை தந்தது. அதற்குள் தாக்குதல் நடந்து முடிந்துவிட்டது. ஒரு வாரத்தில் திகனையும் பற்றி எரிந்தது.

அடுத்த ஆண்டு, 2019 மே 23 ஆம் திகதி, 'திவயின' பத்திரிகை தன் முதற்பக்கத்தில், முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்ததாகச் செய்தி வெளியிட்டது. இதன் பின்னர் குருநாகல் வைத்தியர் ஷாபி கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஒரு முதற்பக்கம் எழுதப்படும்போது "இதைச் சொன்னது யார்?" என்ற கேள்வி உறுதியாகக் கேட்கப்படாவிட்டால் ஒரு மனிதனின் வாழ்க்கை என்னவாகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையில்லை.

இந்த இரண்டு சம்பவங்களிலும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொய் பரவியது சிங்களத்தில். அதற்கான மறுப்பை நாம் நீட்டி முழக்கி எழுதியது பெரும்பாலும் தமிழில். பொய்யை நம்பியவரை எமது மறுப்பு போய்ச் சேரவில்லை. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் செய்தி எழுதக்கூடிய பிள்ளைகள் எமது கரையோரத்தில் உருவாகாதவரை இந்த இடைவெளி அப்படியே இருக்கும்.

அதே கேள்வியை எமக்குள்ளும் கேட்க வேண்டும். ஐஸ் போதைப்பொருளுடன் இளைஞர் கைது என்று படத்துடன் பதிவிடுகிறோம். பொலிஸார் கைது செய்தவர் சந்தேகநபர் மட்டுமே, தீர்ப்பளிப்பது நீதிமன்றம். அவர் பின்னர் விடுதலையானால் அதை யாரும் பகிர்வதில்லை. அவரின் சகோதரிகளின் கலியாணம் பேசப்படும்போது மட்டும் பழைய படம் திரும்பவும் வெளியே வரும். முதலெழுத்துகளும் பெயரும் ஒன்றாக உள்ள பலர் வாழும் ஊர்களில், தவறான ஆளின் தலையில் பழி விழுவதும் இலகு.

ஒரு சொல்லில் பக்கச்சார்பு

அம்பாறை மாவட்டம் 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. 2012 ஆம் ஆண்டு சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 43 வீதமும், சிங்களவர் 39 வீதமும், தமிழர் 17 வீதமும் வாழ்ந்தனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ், முஸ்லிம் ஊர்கள் ஒரே வீதியில் அடுத்தடுத்து இருக்கின்றன. இங்கிருந்து எழுதப்படும் ஒவ்வொரு வரியையும் பக்கத்து ஊரும் வாசிக்கிறது.

கல்முனையிலுள்ள செயலகப் பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். 'கல்முனை வடக்கு பிரதேச செயலகம்' என்று எழுதினால் தமிழ்த் தரப்பின் கோரிக்கையை ஏற்றதாகிறது. 'உப பிரதேச செயலகம்' என்று எழுதினால் முஸ்லிம் தரப்பின் நிலைப்பாட்டை ஏற்றதாகிறது. 'உப' என்ற இரண்டெழுத்துச் சொல்லுக்குள் அவ்வளவு அரசியல் இருக்கிறது. இது முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் இடையில் மட்டும் உள்ள விடயமும் அல்ல. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனியான நகர சபை வழங்கும் வர்த்தமானி வெளியாகி, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. முதல் நாள் ஓர் ஊருக்கு வெற்றியாகவும் அடுத்த ஊருக்கு இழப்பாகவும் இருந்த செய்தி, சில நாட்களில் தலைகீழாக மாறியது. 'வெற்றி', 'சதி', 'துரோகம்' ஆகிய சொற்களை நிருபர் தன் வாயால் சொல்லக்கூடாது. சொன்னவரின் பெயரைப் போட்டு, அவரின் கூற்றாகத்தான் எழுத வேண்டும் என்பது பிராந்தியப் பிரிவில் கற்ற முக்கியமான பாடம்.

'அம்பாறை' என்ற சொல்லும் கவனமாகக் கையாள வேண்டிய ஒன்று. கொழும்பிலிருப்பவருக்கு அம்பாறை என்றால் முழு மாவட்டம். எமக்கு அது உள்நாட்டிலிருக்கும் ஒரு நகரம். அக்கரைப்பற்றில் நடந்த சிறு கைகலப்பை "அம்பாறையில் பதற்றம்" என்று தலைப்பிட்டால், வெளிநாட்டில் வேலை செய்யும் வாப்பாமார் எல்லாம் வீட்டுக்கு அழைத்து விசாரிப்பார்கள். ஊரின் பெயரைச் சரியாகப் போடுவதற்கு அந்த மேசையில் எமது மண்ணை அறிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

முடியாத கதைகள்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள், மரணித்தார்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. வீடுகள் எழுந்து நின்றன, வழக்கு வந்தது, பகிர்ந்தளிப்பு தடைப்பட்டது. ஆண்டுக் கணக்கில் அவை காடு பற்றிக் கிடந்தன. 2013 இல் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகமும் இப்படித்தான். ஒருபுறம் துறைமுக வாயிலை மணல் மூடியது, மறுபுறம் ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் கரையை அரித்தது.

இவை பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வராமலில்லை. டிசம்பர் வந்தால் நுரைச்சோலை வரும், தேர்தல் வந்தால் ஒலுவில் வரும். இடையில் மௌனம். ஒரு பிரச்சினையை மாதாமாதம் தொடர்ந்து கேட்கும் செய்தியாளர் இல்லாவிட்டால், அதிகாரிகள் அடுத்த டிசம்பர் வரை நிம்மதியாக இருக்கலாம்.

ஒரு நாள் கரையோரக் கிராமமொன்றிலிருந்து ஒரு தாய் பிரிவுக்கு அழைத்தார். தென்னைகள் கடலுக்குள் விழுந்துவிட்டன, அடுத்தது வளவு மதில் என்றார். "மகன், பேஸ்புக்ல எல்லாம் போட்டாச்சி. ஆயிரம் பேரு பகிர்ந்தாங்க, ஒருத்தரும் வரல்ல. பேப்பர்ல வந்தாத்தான் ஜீ.எஸ். வருவாரு" என்றார். நிருபரை அனுப்பி, பிரதேச செயலகத்திடமும் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் கருத்துக் கேட்டு, செய்தி வெளியானது. அதிகாரிகள் வந்து அளந்து போனார்கள். நான் பயிற்சி முடித்து வரும்வரை ஒரு கல்கூட அங்கு போடப்படவில்லை. ஆனால் அந்தப் பத்திரிகைத் துண்டை அவர் தன் மனுவோடு இணைத்திருக்கிறார். திகதியும், திணைக்களத்தின் பதிலும் அச்சில் இருப்பதால் "எங்களுக்குத் தெரியாது" என்று இனி எவரும் சொல்ல முடியாது. காலையில் தெரிந்த விபத்தை மறுநாள் அச்சிடும் பத்திரிகைக்கு இன்னும் என்ன வேலை என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

தொடர்ந்து கேட்பதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பிரஜையும் பிரதேச சபை, பாடசாலை, வைத்தியசாலை போன்ற அரச நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அந்நிறுவனத்தின் மேன்முறையீட்டு அதிகாரியிடமும், அங்கும் பயனில்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழுவிடமும் போகலாம். வடிகான் வேலைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்க எம்.பி. தேவையில்லை, ஒரு தாளும் பேனாவும் போதும்.

நாம் என்ன செய்யலாம்?

பள்ளிவாசல் நிர்வாகங்கள், விளையாட்டுக் கழகங்கள், பாடசாலைகள் எல்லாம் செய்தி அனுப்புகின்றன. அனுப்பும்போது என்ன, எங்கே, எப்போது, யாருக்குப் பாதிப்பு என்பதை முதல் பந்தியில் எழுதுங்கள். அதிதிகள் கடைசியில் வரட்டும். உறுதிப்படுத்தக்கூடிய ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். மறுதரப்பு யார் என்பதையும் சொல்லுங்கள். பிற்பகலுக்கு முன் அனுப்புங்கள்.

தவறான செய்தி வந்தால் பேஸ்புக்கில் திட்டுவதோடு நிற்க வேண்டாம். ஆசிரியருக்கு எழுத்தில் திருத்தம் கேளுங்கள். அது பயனளிக்காவிட்டால், 2003 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவில் முறையிடலாம்.

எமது பெண்பிள்ளைகளையும் இத்துறைக்கு விடுங்கள். மகப்பேற்று விடுதியின் குறைகளையும், மத்திய கிழக்கிலிருந்து சம்பளமில்லாமல் திரும்பிய சகோதரியின் கதையையும் ஆண் நிருபரிடம் எத்தனை பேர் மனம்விட்டுச் சொல்வார்கள்? வீட்டிலிருந்தே தொலைபேசியில் விசாரித்து எழுதக்கூடிய வேலைகளும் இதில் நிறைய இருக்கின்றன.

அறிஞர் சித்திலெவ்வை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தபோது, சமூகம் தன் குறைகளைத் தானே எழுத வேண்டும் என்பதை விளங்கியிருந்தார். வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி என்று பிள்ளைகளை ஆக்குவதற்கு எமது ஊர்கள் பெரும் தியாகம் செய்கின்றன. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு பெறுபேறு வரும்வரை வீட்டிலிருக்கும் பிள்ளைகளில் ஓர் ஊருக்கு இருவரையாவது பள்ளிவாசல் சம்மேளனங்கள் தெரிவு செய்து, போக்குவரத்துச் செலவைப் பொறுப்பேற்று, ஊரிலுள்ள மூத்த நிருபர் ஒருவரிடமோ பத்திரிகை அலுவலகமொன்றிலோ மூன்று மாதம் பழக அனுப்பலாம். ஒரு நிகழ்வின் மேடைக்கும் பொன்னாடைக்கும் நினைவுச்சின்னத்துக்கும் ஆகும் செலவு, ஒரு பிள்ளையின் அந்த மூன்று மாதத்துக்குத் தாராளமாகக் காணும்.